முள்கட்டில் சேரும் மீன் யாருக்கு?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில், குளம் குத்தகை எடுத்து மீன் வளர்க்கும் குழுக்களுக்காக நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர்கள் இதை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.)



இன்றைக்கு நான் சேமிப்பு, கடன், வட்டி பற்றிப் பேசப் போவதில்லை. அதையெல்லாம் நீங்களே எனக்குச் சொல்லிக் கொடுப்பீங்க. குளத்துக்குள்ள முள் போடுறதைப் பற்றித்தான் பேசப் போறேன். "இதுல பேச என்ன இருக்கு?"ன்னு நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. முள்ளில் ஆரம்பிக்கிற பேச்சு கடைசியில் பங்கு, நியாயம், கட்டுப்பாடு என்று நம்ம குழு விஷயத்தில்தான் வந்து நிற்கும்.

குளத்தில் முள் போடுவது நமக்குப் புதிது கிடையாது. ராத்திரியில் யாரும் வீச்சு வலை போட்டு மீன் திருடக் கூடாது என்று, குத்தகைக்காரர்கள் கருவேல முள்ளை வெட்டி அங்கங்கே தண்ணீருக்குள் போட்டு வைப்பார்கள். வலை விழுந்தால் முள்ளில் மாட்டிக் கிழியும். திருட்டுக்கு வந்தவர் அடுத்த தடவை வர யோசிப்பார். இது காவலுக்குப் போட்ட முள். ஆனால் அதே முள்ளைச் சுற்றி மீன் கூடுவதையும் நீங்க பார்த்திருப்பீங்க. தூண்டில் போடுகிற பெரியவர்கள் எங்கே போய் உட்காருகிறார்கள்? குளத்துக்குள் சாய்ந்து கிடக்கிற மரம், பழைய வேலி, புதர் இருக்கிற இடம் பார்த்துத்தான் உட்காருவார்கள். அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அனுபவம்.

ஆக, கிளைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி நாமே தண்ணீருக்குள் இறக்கினால் மீன் அங்கே வரும். இதை முள்கட்டு என்று வைத்துக்கொள்வோம். "இதைப் போட்டா நமக்கு வருமானம் கூடுமா?"ன்னு குழுக்களில் கேட்கிறீங்க. கூடும், ஆனால் முள்ளைப் போட்டதால் மட்டும் கூடாது. அது எப்படி என்று பார்ப்போம்.

மீன் ஏன் முள்ளைத் தேடி வருகிறது?

முதல் காரணம், பயம். நீர்க்காகம் இருக்கு, கொக்கு இருக்கு, தண்ணிப்பாம்பு இருக்கு, விரால் இருக்கு. வெட்ட வெளியாகக் கிடக்கிற குளத்தில் விரல் நீளக் குஞ்சுக்கு ஒளிய இடமே கிடையாது. நெருக்கமான சிறு கிளைகளுக்குள் அது புகுந்துகொண்டால் பெரிய மீன் உள்ளே நுழைய முடியாது. நீர்க்காகம் முங்கி வந்தாலும் துரத்திப் பிடிப்பது கஷ்டம்.

இரண்டாவது, சாப்பாடு. ஒரு குச்சியைத் தண்ணீரில் போட்டு பத்து நாள் கழித்து எடுத்துப் பாருங்க. வழவழன்னு ஒரு படிவம் இருக்கும். அது வெறும் அழுக்கு இல்லை. பாசி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர், சின்னப் புழு, பூச்சி எல்லாம் அதில் குடியிருக்கும். ரோகு மீனின் உதட்டைப் பார்த்திருக்கீங்களா? ஓரத்தில் குஞ்சம் மாதிரி இருக்கும். படிந்திருப்பதைச் சுரண்டித் தின்ன வசதியான வாய். மாடு புல் மேய்கிற மாதிரி ரோகு கிளையில் மேயும். வங்கதேசத்தில் மைமன்சிங் வேளாண் பல்கலைக்கழகத்தில் குளத்துக்குள் மூங்கில் நட்டு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மூங்கில் நட்ட குளத்தில் ரோகு விளைச்சல் நன்றாகக் கூடியது. மங்களூர் மீன்வளக் கல்லூரியிலும் கரும்புச் சக்கை, வைக்கோல், காய்ந்த ஆகாயத்தாமரை ஆகிய மூன்றையும் போட்டுப் பார்த்து 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். கெண்டை மீன் வளர்ச்சிக்குக் கரும்புச் சக்கை மற்ற இரண்டையும் விட நன்றாக உதவியது.

மூன்றாவது, நிழல். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றி, மேல்தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கும்போது, ஆழத்தில் நிழலோடு இருக்கிற இடத்தில்தான் மீன் ஒதுங்கும்.

நான்காவது, முட்டை. விரால் புல் பூண்டுக்கு நடுவில்தான் முட்டையிடும். குஞ்சு பொரிந்ததும் செக்கச்செவேல்னு கூட்டமாக மேலே வரும், அடியில் தாய் காவல் இருக்கும். பார்க்காதவங்க யாரும் இங்கே இருக்க மாட்டீங்க. மறைவு இருந்தால்தான் இந்த மாதிரி நாட்டு மீன்கள் குளத்தில் நிலைக்கும்.

சேர்வது வேறு, பெருகுவது வேறு

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன்.

ஊரில் திருவிழா நடக்குது. கோயில் வாசலில் ஆயிரம் பேர் கூடிட்டாங்க. அதனால ஊர் ஜனத்தொகை கூடிடுச்சா? இல்லையே. அங்கங்கே வீட்டில் இருந்தவங்க ஒரே இடத்துக்கு வந்திருக்காங்க, அவ்வளவுதான். முள்கட்டும் முதலில் செய்வது இதைத்தான். குளத்தின் நாலு பக்கமும் திரிகிற மீனை ஓரிடத்தில் கூட்டுகிறது. அங்கே வலையைப் போட்டால் ஒரே இழுப்பில் நிறைய வரும். பார்க்கிற நமக்கு "அடேயப்பா, மீன் பெருகிடுச்சு"ன்னு தோணும். உண்மையில் குளத்தில் இருந்த மீன்தான் வந்திருக்கு. மூணு தடவை இப்படி அள்ளினால் நாலாவது தடவை குளம் காலி.

பெருகுவது என்பது மெதுவாக நடக்கிற வேலை. குஞ்சு தப்பிப் பிழைக்கணும். கிளையில் படிந்ததை மேய்ந்து எடை போடணும். நாட்டு மீன் முட்டையிட்டுக் குஞ்சு வளரணும். இதுக்கெல்லாம் மாதக் கணக்கில் நேரம் வேணும். அந்த நேரத்தைக் கொடுக்கிறது முள் கிடையாது, நம்ம குழுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்தக் குழுவின் கணக்கும் இல்லை, புரிவதற்காகச் சொல்றேன். ஒரு குழு 4,000 குஞ்சு விட்டிருக்குன்னு வச்சுக்கோங்க. பாதி பிழைக்குது, 2,000 மீன். கால் கிலோவுக்குச் சற்று மேல், 300 கிராம் இருக்கும்போதே முள்கட்டில் சேர்கிற மீனை அள்ளிட்டா, மொத்தம் 600 கிலோ. பொறுத்திருந்து முக்கால் கிலோ ஆன பிறகு பிடிச்சா 1,500 கிலோ. அதே குளம், அதே குஞ்சு, அதே குத்தகை. நடுவில் ஒன்றிரண்டு மீன் குறைந்தாலும் பொறுத்தவர்களுக்குத்தான் லாபம். பெரிய மீனுக்குக் கிலோவுக்கு விலையும் கூடக் கிடைக்கும்.

"தெரியும் தம்பி, ஆனா மாசத் தவணை யார் கட்டுறது?"ன்னு நீங்க கேட்பீங்க. நியாயமான கேள்வி. முள்கட்டில் மீன் பளபளன்னு திரியுறது கண்ணுக்குத் தெரியுது, வங்கித் தவணை தேதி நெருங்குது. கை சும்மா இருக்குமா? அதனால்தான் சொல்றேன், முள்ளை வெட்டுறதுக்கு முன்னாடியே தவணையைப் பேசி முடிக்கணும். மீன் வளர்ப்புக்கு வாங்குகிற கடனை மாதத் தவணையாக வைக்காமல், அறுவடை முடிந்ததும் மொத்தமாகக் கட்டுகிற மாதிரி வைக்க முடியுமா என்று வங்கி மேலாளரிடம் எழுத்து மூலமாகக் கேளுங்க. கிடைக்காவிட்டால், குழுவின் உள்கடனில் இருந்து இடைக்காலத் தவணையைச் சமாளிக்கத் திட்டம் போடுங்க. தவணைக்கு வழி வைக்காத குழு முள்கட்டு போட வேண்டாம். போட்டால், சின்ன மீனைச் சீக்கிரம் பிடிக்கத்தான் அது உதவும்.

மற்ற ஊர்களில் என்ன நடந்தது?

இந்த முறை உலகத்தில் பல இடத்தில் இருக்கு. கேரளாவில் கொல்லம் பக்கம் அஷ்டமுடிக் காயலில் இதைப் படல் என்பார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் கண்டல் மரக்கிளைகளை நட்டு மீன் சேர்க்கிறார்கள். நாம் அலையாத்தி மரம் என்று சொல்கிறோமே, அதே மரம்தான். அங்கே கிளைக்காகவே மரம் நட்டு வளர்க்கிற மீனவர்களும் உண்டு. வெட்டுகிறவர் நடவும் செய்கிறார் என்பதைக் கவனிங்க.

ஆப்பிரிக்காவில் பெனின் என்று ஒரு நாடு. அங்கே நொக்குவே ஏரியில் தண்ணீருக்கு நடுவே கால் ஊன்றிய வீடுகளில் மீனவ ஜனங்கள் வாழ்கிறார்கள். ஏரிச் சேற்றில் ஆயிரக்கணக்கான கிளைகளை நெருக்கமாக நட்டு வைப்பார்கள். இதற்கு அகாஜா என்று பெயர். விளைச்சலும் பெரிசு. ஆனால் இரண்டு தொந்தரவு வந்தது. கிளை தண்ணீரில் மட்கிப் போவதால் திரும்பத் திரும்ப வெட்ட வேண்டியிருந்தது, அதனால் சுற்று வட்டாரத்தில் மரம் குறைந்தது. இன்னொன்று, கிளை வாங்கி நட வசதி உள்ளவர்கள் ஏரியில் இடம் பிடித்துக்கொண்டார்கள். வசதி இல்லாதவர்களுக்கு மீன் பிடிக்கிற இடம் சுருங்கிப் போய்ச் சண்டை வந்தது.

வங்கதேசத்தில் மழை வெள்ளம் வடியும்போது ஆற்றிலும் தாழ்ந்த நீர்நிலைகளிலும் கிளைகளைப் போட்டு, மேலே ஆகாயத்தாமரையை மூடி வைப்பார்கள். அதற்குக் காட்டா என்று பெயர். குளிர்காலத்தில் தண்ணீர் குறைந்ததும் சுற்றி வலை கட்டி, கிளைகளை வெளியே எடுத்துப் போட்டு, உள்ளே இருக்கிற எல்லா மீனையும் பிடித்துவிடுவார்கள். எல்லாம் என்றால் எல்லாம். தாய் மீன் மிஞ்சாவிட்டால் அடுத்த மழைக்குக் குஞ்சு எங்கிருந்து வரும்? அதே நாட்டில்தான் இதற்கு மாற்றும் கண்டார்கள். ஸ்ரீமங்கல் பக்கம் ஹைல் ஹாவோர் என்று பெரிய நீர்நிலை இருக்கிறது. அதன் ஒரு பகுதியான பைக்கா பீல் என்ற இடத்தை, சுமார் 100 ஹெக்டேரை, 2003-ல் நிரந்தர மீன் சரணாலயமாக ஒதுக்கினார்கள். அங்கே யாரும் மீன் பிடிக்கக் கூடாது. உள்ளூர் மக்கள் அமைப்பே காவல். அங்கே பிழைக்கிற தாய் மீன் மழைக்காலத்தில் சுற்றிலும் பரவிக் குஞ்சு பொரிக்கிறது. பக்கத்தில் பிடிக்கிறவர்களுக்கு அதனால் பலன்.

கிளையைப் போட்டு மொத்தமாக அள்ளுவதும் நடக்கிறது. கொஞ்சம் இடத்தைக் கை வைக்காமல் விட்டு வளர்ப்பதும் நடக்கிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஊர் போட்ட கட்டுப்பாடு.

இன்னும் ஒரு பாடம். அமெரிக்காவில் புளோரிடா கடலோரத்தில் 1970-களில் மீன் சேரட்டும் என்று சுமார் 20 லட்சம் பழைய டயர்களைக் கடலில் போட்டார்கள். கட்டு அவிழ்ந்து டயர்கள் உருண்டு, அங்கே இருந்த பவளப் பாறைகளைச் சிதைத்தன. பிறகு ராணுவ முக்குளிப்பவர்களைக் கொண்டு வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அதனால் டயர், பிளாஸ்டிக் குழாய், சிமெண்ட் சாக்கு எதுவும் நம்ம குளத்துக்கு வேண்டாம். மட்கிப் போகிற மரக்கிளையே போதும்.

எந்தக் கிளை, எப்படித் தயார் செய்வது?

நம்ம ஊர்க் குளங்களில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு. நீர்நிலைகளில் இருந்து அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கு. அப்படி அகற்றும்போது கிடைக்கிற கிளையையே கட்டுக்குப் பயன்படுத்தலாம். பஞ்சாயத்தில் கேட்டுத்தான் வெட்டணும். ஒரு கவனம் வேணும்: கிளையில் காய் இருந்தால் அத்தனையையும் உதிர்த்து எடுத்த பிறகுதான் குளத்துக்குள் கொண்டு போகணும். இல்லாவிட்டால் நாமே குளத்தில் சீமைக்கருவேலம் விதைத்த மாதிரி ஆகிவிடும். நாட்டுக் கருவேலம், புளியங்கிளை, மாங்கிளை, மூங்கில் கழிவும் ஆகும்.

ஆகாதது என்னென்ன? கள்ளி வகை எதுவும் கூடாது. திருகுகள்ளிப் பால் மீனைக் கொல்லும். எருக்கு, அரளி கூடாது. மருக்காரை கூடாது, அதன் காயை இடித்துப் போட்டு மீனை மயக்கிப் பிடிப்பது பழைய வழக்கம். வேம்பு, தைலமரக் கிளையையும் தவிர்த்துவிடுங்க.

பச்சைக் கிளையை இலையோடு அப்படியே போடக் கூடாது. இலை தண்ணீரில் அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராண வாயுவை இழுத்துக்கொள்ளும். மீனுக்கு மூச்சு முட்டும். வெட்டி இரண்டு மூன்று வாரம் வெயிலில் காயப் போட்டால் இலை தானாக உதிர்ந்துவிடும். அதன் பிறகு கட்டுங்க. போட்ட பிறகு முதல் இரண்டு வாரம் விடியற்காலையில் யாராவது ஒருத்தர் குளக்கரைக்குப் போய்ப் பார்க்கணும். மீன் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடினால் காற்று பத்தவில்லை என்று அர்த்தம். உடனே சில கட்டுகளை வெளியே இழுத்துவிடுங்க. புதுத் தண்ணீர் விட வழி இருந்தால் விடுங்க. தீவனம், சாணம் போடுவதை நிறுத்தி வையுங்க.

கட்டின் அளவு ஆறடி நீளம், நாலடி அகலம் இருக்கலாம். நாலு பேர் சேர்ந்து இழுக்க முடிகிற அளவுதான் சரி. நடுவில் சிறு கிளைகளை நெருக்கமாகவும், வெளியே தடித்த கிளைகளை இடைவெளி விட்டும் அடுக்குங்க. குஞ்சு உள்ளே ஒளியும், பெரிய மீன் வெளிப்பக்கம் நிழலில் நிற்கும். தென்னங்கயிறு கொண்டு மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டி, அடியில் கல் கட்டுங்க. இரும்புக் கம்பி வேண்டாம், துருப்பிடித்துக் காலைக் கிழிக்கும்.

எப்போது, எங்கே போடுவது?

வற்றுகிற குளமாக இருந்தால் ஆடி, ஆவணியில் தரை காய்ந்திருக்கும்போதே போட்டுவிடுவது நல்லது. யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம். முளை அடித்துக் கட்டலாம். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் வரும்போது கட்டு அசையாமல் இருக்கும்.

இரண்டு விதமான இடம் தேவை. ஆழமான இடத்தில் போடுகிற கட்டு கோடையில் ஒதுங்குவதற்கு. தண்ணீர் குறைந்தாலும் அது முங்கியே இருக்கணும். ஆழம் குறைந்த இடத்தில், இடுப்பளவு தண்ணீரில், கிளைகளை நட்டமாக ஊன்றுவது மேய்ச்சலுக்கு. வெயில் படுகிற இடத்தில்தான் பாசி பிடிக்கும். கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுப் பாருங்க. உள்ளங்கை தெரியாமல் செம்மண் கலங்கலாக இருந்தால், கிளை மேல் சேறுதான் படியும், மேய்ச்சல் கிடைக்காது. அப்படிப்பட்ட குளத்தில் ஆழக் கட்டு மட்டும் போதும்.

மதகு, மடை, கலங்கல் பக்கத்தில் முப்பது அடிக்குள் எதையும் போடாதீங்க. ஒரு கிளை மடையை அடைத்தாலும் பாசனக்காரர்களோடு தகராறு வரும், அவர்கள் பக்கம்தான் நியாயமும் இருக்கும். குளிக்கிற படித்துறை, மாடு இறங்குகிற இடம், பிள்ளைகள் நீந்துகிற இடம் ஆகியவற்றிலும் வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு கட்டுக்கும் பக்கத்தில் ஒரு மூங்கிலை நட்டு, உச்சியில் சிவப்புத் துணி கட்டுங்க. எங்கே முள் இருக்கிறது என்று ஊருக்கே தெரியணும்.

முதல் வருஷம் ஏக்கருக்கு எட்டு, பத்து கட்டு போதும். கட்டுக்கும் கட்டுக்கும் இருபது, முப்பது அடி இடைவெளி. எல்லாக் கட்டையும் குளத்தின் ஒரு பாதியிலேயே வையுங்க. மறுபாதி வெறுமையாக இருந்தால்தான் இழுவலை போட முடியும்.

விரால் பற்றி ஒரு வார்த்தை. முள்கட்டு கெண்டைக் குஞ்சுக்கு மட்டும் இடம் கொடுக்காது. விராலுக்கும் கொடுக்கும். விரால் குஞ்சைத் தின்னும். அதனால் முள்கட்டு இருக்கிற குளத்தில் சின்னக் குஞ்சு விட்டால் பாதி அதற்கே போகும். நாலு அங்குலம் வளர்ந்த குஞ்சாக வாங்கி விடுங்க. விலை கூடத்தான், ஆனால் பிழைப்பது அதிகம். ஜிலேபி மீனும் கட்டில் வந்து சேரும். அது வேண்டிய மட்டும் பெருகுகிற மீன். அதை மட்டும் தூண்டிலிலும் சிறு வலையிலும் அவ்வப்போது பிடித்து வீட்டுக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்க, குளத்துக்கும் நல்லது.

முள் வேலை செய்யும்போது கைக்கு உறை, காலுக்குச் செருப்பு கட்டாயம். சீமைக்கருவேல முள் தைத்தால் ஆறவே ஆறாது. தைத்தால் தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையம் போய் டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்க. தனியாக யாரும் குளத்தில் இறங்காதீங்க. கர்ப்பிணிகள், முடியாதவர்கள் இறங்க வேண்டாம். அவர்களுக்குக் கயிறு திரிப்பது, எடை எழுதுவது, காவல் முறை பார்ப்பது என்று வேலை கொடுங்க. பங்கு எல்லோருக்கும் சமம்.

சேர்ந்த மீன் யாருடையது?

குத்தகை நம்ம பேரில் இருக்கு. குஞ்சு நாம விட்டது. முள் நாம போட்டது. அப்போ மீன் நமக்குத்தானே? கெண்டை மீனைப் பொறுத்தவரை, ஆமாம். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் தேங்கின குளத்தில் முட்டையிடாது. ஒவ்வொரு வருஷமும் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி விடுகிறோம். அது நம்ம முதல்.

ஆனால் குளத்தில் நாம் விடாத மீனும் இருக்கு. கெளுத்தி, குறவை, அயிரை, விரால். இவை நமக்கு முன்னாலிருந்தே குளத்தில் இருப்பவை. கூலி வேலை இல்லாத நாளில் ஒரு பாட்டி கரையோரம் கூடை வைத்து அயிரை பிடித்துக் குழம்பு வைக்கிறாள். ஒரு தாத்தா தூண்டில் போட்டு நாலு கெளுத்தி கொண்டு போகிறார். அவர்கள் பேரில் குத்தகையும் இல்லை, குழுவும் இல்லை. நாம் பத்துக் கட்டு முள் போட்டதும், கரையோரம் திரிந்த அந்த மீனும் நம்ம கட்டுக்கு வந்துவிடும். நாம் கெடுதல் நினைக்காமலே அவர்கள் சட்டியைக் காலி செய்திருப்போம். பெனின் நாட்டு ஏரியில் நடந்தது நம்ம குளத்திலும் சிறிய அளவில் நடக்கலாம்.

நாமும் ஒரு காலத்தில் குளத்துப் பக்கமே போக முடியாமல் இருந்தவர்கள்தான். மீன்பாசி ஏலம் என்றால் ஊரில் வசதியானவர்கள் எடுப்பது என்றிருந்தது. குழுவாகச் சேர்ந்ததால் நம்ம கைக்கு வந்திருக்கு. வந்த அதிகாரத்தை நமக்குக் கீழே இருப்பவர் மேல் காட்டக் கூடாது. அப்படிச் செய்தால் காவலும் கஷ்டம். ஊரே பகையாக இருக்கிற குளத்தை எந்த முள்ளும் காக்காது. கரையோரம் மீன் பிடிக்கிற அந்தப் பாட்டிக்கு இடம் விட்டால், ராத்திரி வலையோடு வருகிறவனை முதலில் பார்த்துச் சொல்வதும் அவள்தான்.

தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியவை

முள் வெட்டுவதற்கு முன்னால் குழுக் கூட்டம் போட்டு, கீழே சொல்வதைப் பேசி, தீர்மானமாக எழுதி, எல்லோரும் கையெழுத்து அல்லது கைரேகை வையுங்க.

1. பஞ்சாயத்திலும், பாசனக்காரர்களிடமும் எழுத்து மூலமாக ஒப்புதல் வாங்குவோம். பெரிய ஏரியாக இருந்தால் நீர்வளத் துறைக்கும் கடிதம் கொடுப்போம்.

2. மீன் முக்கால் கிலோ ஆகும் வரை முள்கட்டில் வலை போட மாட்டோம். உறுப்பினர் வீட்டு ஆண்களுக்கும் இது பொருந்தும். மாதம் ஒரு முறை நாலைந்து மீனைப் பிடித்து எடை பார்த்து எழுதி வைப்போம்.

3. ஒவ்வொரு குளத்திலும் ஆழமான இடத்தில் இரண்டு கட்டுகளைக் கை வைக்காத கட்டாக விடுவோம். அறுவடை நாளிலும் அதில் வலை விழாது. நாட்டு மீனுக்குத் தாய் வீடு அது.

4. கரையில் ஒரு பக்கம், முள் இல்லாத பக்கம், தூண்டிலும் கூடையும் கொண்டு வருகிற ஊர் ஏழைகளுக்குத் திறந்திருக்கும். அவர்கள் பிடிக்கிற கெண்டைக் குஞ்சை மட்டும் திரும்ப விடச் சொல்வோம்.

5. பிடிக்கிற நாளில் கரையிலேயே எல்லோர் முன்னிலையிலும் எடை போட்டு, கிலோ, விலை, வாங்கியவர் பெயர் எழுதுவோம். வீட்டுக்கு எடுக்கிற மீனும் எழுத்தில் வரும்.

6. கடன் தவணை அறுவடையோடு பொருந்துகிற மாதிரி முதலிலேயே ஏற்பாடு செய்வோம்.

7. வெட்டுகிற அளவுக்குக் கரையில் நிழல் தரும் நாட்டு மரம் நடுவோம். சீமைக்கருவேலம் தீர்ந்தால் அடுத்த கிளைக்கு எங்கே போவது?

பிடிக்கும்போது முதலில் வெறும் பாதியில் இழுவலை போடுங்க. அதற்குப் பிறகு ஒவ்வொரு கட்டாகச் சுற்றி வலை கட்டி, கயிற்றை அவிழ்த்து, கிளைகளைக் கரையில் எடுத்துப் போட்டு, வலையைச் சுருக்கிப் பிடியுங்க. கட்டோடு சேர்த்து வலையை இழுத்தால் வலை மிஞ்சாது. எடுத்த கிளையில் உறுதியாக இருப்பதை அடுத்த வருஷத்துக்கு வையுங்க, மட்கினது அடுப்புக்கு ஆகும். இரண்டு கட்டு மட்டும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும், சிவப்புத் துணி அடையாளத்தோடு.

அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்கு வரும்போது, முள்கட்டு போட முடிவு செய்த குழுக்கள் தங்கள் தீர்மானப் புத்தகத்தைக் கொண்டு வாருங்க. எத்தனை கட்டு போட்டோம் என்பதைவிட, எதை விட்டுவைக்க முடிவு செய்தோம் என்பதை முதலில் வாசிப்போம். போட்டு முடித்த குழுக்கள் மாத எடைக் கணக்கைக் கொண்டு வாருங்க. முள் போட்ட குளம், போடாத குளம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த வருஷம் போடலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யலாம்.